சொந்த வண்டியில் லடாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து லே நகரம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். மூன்று முறை போய்வந்திருக்கிறேன். இரண்டு முறை பைக்கில், ஒரு முறை மனைவி மகளோடு காரில். மே மாதம் பிறந்துவிட்டால் அலுவலகத்திலோ டீக்கடையிலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். போன மாதம் ஒருவர் துக்க வீட்டிலேயே கேட்டுவிட்டார். அன்றுதான் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என்ன வண்டி வாங்கலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஏற்கெனவே வைத்திருக்கும் வண்டியில் போங்கள் என்றால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. ஆனால் உண்மை அதுதான். லடாக் சாலையில் நான் பார்த்தவை பெரும்பாலும் ராணுவ லாரிகள், டேங்கர்கள், 100 சிசி பைக்குகள். லே கடைத்தெருவில் ஸ்கூட்டரில் காய்கறி வாங்க வருகிறவர்களும் அதே குளிரில், அதே உயரத்தில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகள் பழகிய வண்டி என்றால் அதன் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். புது வண்டியிடம் அந்தப் பழக்கம் வர நாளாகும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக் பழைய வண்டியாகக் கிடைக்கும். கிட்டத்தட்ட 200 கிலோ எடை, 15 லிட்டர் டேங்க், முன்சக்கரம் 21 அங்குலம். 2023 இறுதியில் வந்த ஹிமாலயன் 450 அதைவிட வலுவானது, 17 லிட்டர் பிடிக்கும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அவற்றைவிட நாற்பது கிலோ அளவுக்கு எடை குறைவு. சேற்றில் விழுந்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்திப் பார்த்தவருக்கு அந்த நாற்பது கிலோவின் மதிப்பு தெரியும். நெடுஞ்சாலையில் ஹிமாலயன் சுகம், கரடுமுரடான பாதையில் எக்ஸ்பல்ஸ் சுகம். நம் பயணத்தில் பெரும்பங்கு நெடுஞ்சாலைதான் என்பதை மறக்க வேண்டாம்.

புல்லட்டில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டதே இந்திய ராணுவம் கேட்ட 350 சிசி புல்லட்டுகளை இங்கேயே பூட்டித் தருவதற்காகத்தான். எல்லைக்கு ஓடிய புல்லட்டுகள் திருவொற்றியூரில் பிறந்தவை.

கார் என்றால் நான்கு சக்கர இழுவை கட்டாயமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை, லே, நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி என்று வழக்கமான சுற்றுக்குக் கட்டாயமில்லை. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரம் என்பதுதான் முக்கியம். 200 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் கவலை இல்லை. நான்கு சக்கர இழுவை உள்ள தார், ஜிம்னி இரண்டும் அதைத் தாண்டியவை, செங்குத்தில் மெதுவாக ஏறத் தாழ் விகித கியரும் உண்டு. தாழ்வான செடானில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் முனகிக்கொண்டே வந்தார்கள். ஸ்டெப்னி முழு அளவில் இருக்கட்டும், ஒல்லியான தற்காலிகச் சக்கரம் அங்கே உதவாது.

எத்தனை நாள் வேண்டும்?

நண்பர்களிடம் நான் சண்டை போடும் இடம் இது. பெட்டிக்கும் ஜாக்கெட்டுக்கும் விளக்குக்கும் ஐம்பதாயிரம் செலவழிப்பார்கள். இரண்டு நாள் கூடுதல் விடுப்பு கேள் என்றால் கை பிசைவார்கள். லடாக்கில் பயணம் கெட்டுப்போனவர்களில் வண்டி கெட்டுப்போனவர்கள் குறைவு. நாள் போதாமல் ஓடி, உடம்பு படுத்துப்போனவர்களே அதிகம்.

சென்னையிலிருந்து போய்வர, உள்ளே சுற்றுவதையும் சேர்த்து 7,500 கிலோமீட்டர் என்று வையுங்கள். சமவெளியில் ஒரு நாளைக்கு 500, மலையில் 150 முதல் 200. அதிலேயே இருபது நாள் போய்விடும். லேயில் சும்மா படுத்துக்கிடக்க இரண்டு நாள். நிலச்சரிவுக்கு, பஞ்சருக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று மூன்று நாள். ஆக இருபத்தைந்து. இதற்குக் கீழே இறங்கினால் எதையாவது வெட்ட வேண்டும், அது ஓய்வு நாளாக இருக்கக் கூடாது. அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்களே, அதுபோல உம்லிங் லா கணவாயையும் ஹன்லே கிராமத்தையும் ட்சோ மோரிரி ஏரியையும் ஒரே பயணத்தில் திணிக்காமல் ஒன்றைப் பிடியுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு நாள்தான் விடுப்பு கிடைக்கும். போக வழியே இல்லையா?

இருக்கிறது. வண்டியை ரயிலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் போகலாம். சென்ட்ரல் பார்சல் அலுவலகத்துக்கு ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் எடுத்துப்போங்கள். பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டித் தர ஆட்கள் வாசலிலேயே இருப்பார்கள். இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணையும் போகும் ஊரையும் சாக்கின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள். வண்டி உங்களுக்கு இரண்டு நாள் பிந்தி வரலாம் என்பதைத் திட்டத்தில் சேருங்கள்.

இன்னொரு வழி, விமானத்தில் லேக்கே போய் அங்கே பைக்கை வாடகைக்கு எடுப்பது. மணாலியிலோ சண்டிகரிலோ வாடகைக்கு எடுத்த வண்டியை ஓட்டிக்கொண்டு லடாக்கில் சுற்ற நினைக்காதீர்கள். உள்ளூர் வாடகை வண்டிக்காரர்கள் பாங்காங் வழியிலும் நுப்ரா வழியிலும் மறித்துவிடுவார்கள். அவர்கள் பிழைப்பு அது. உங்கள் பெயரிலேயே ஆர்.சி. உள்ள சொந்த வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். காரணம் உயரக் கணக்கு. ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஸோஜி லா 3,528 மீட்டர் (‘லா’ என்றால் கணவாய்), அதைத் தாண்டியதும் சாலை இறங்கிக் கார்கிலில் 2,700 மீட்டரில் உறங்க வைக்கிறது. மறுநாள் ஃபோட்டு லாவில் 4,108 தொட்டு, மாலையில் லேயின் 3,500-க்கு வந்துவிடலாம். உடம்புக்கு ஏற்ற படிக்கட்டு இது.

மணாலி வழி அப்படியல்ல. மணாலி 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயைத் தவிர்த்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அதனாலேயே வேகமாக ஏறிவிடுகிறோம். இரண்டாம் நாளே பாரலாச்சா லாவில் 4,890, அன்றிரவு சர்ச்சுவில் 4,290 மீட்டரில் படுக்கை. அதன்பின் தங்லங் லா 5,328. மணாலி வழியாகத்தான் ஏற வேண்டும் என்றால் பாரலாச்சாவுக்கு முன்னால் வரும் ஜிஸ்பாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு ஏறுங்கள்.

மூன்றாவதாக ஒரு சாலையும் இப்போது இருக்கிறது. மணாலிச் சாலையில் உள்ள தார்ச்சாவிலிருந்து ஷிங்கு லா ஏறி, ‘படும்’ என்ற ஊர் வழியாக, லேக்குப் பக்கத்தில் உள்ள நிம்மு வரை 298 கிலோமீட்டர். 2024-இல்தான் முழுமையாக இணைந்தது. ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கை அருகிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதம்?

செப்டம்பர் முதல் பாதி. ஜூனில் பனிச்சுவர்களைப் பார்க்கலாம், ஆனால் வழியில் தெலங்கானாவும் விதர்பாவும் உங்களை அடுப்பில் வைத்து எடுத்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் இமாசலப் பக்கம் மழை. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகி மணாலிச் சாலையை எந்தக் கதிக்கு ஆளாக்கியது என்பதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நவம்பருக்குமேல் மணாலிச் சாலை பனியில் மூடிக்கொள்ளும்.

மலை நோய் எல்லோருக்கும் வருமா? நான் தினமும் உடற்பயிற்சி செய்கிறவன்.

தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். உடல் வலுவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. ஐந்தாயிரம் மீட்டருக்குமேல் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கிறது. உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும். எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

முதல் பயணத்தில் மணாலி வழியாகத்தான் ஏறினோம். விவரம் தெரியாது. சர்ச்சுவில் கூடாரத்துக்குள் நுழைந்தபோது மணி ஆறு. எங்கள் மூவரில் வலுவானவர், கல்லூரியில் கபடி ஆடியவர், சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். களைப்பு என்று விட்டுவிட்டோம். ஒன்பது மணிக்கு வாந்தி. பதினொரு மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தெரியாமல் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடாரக்காரர் வந்து டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தார். நேராக நடக்கச் சொன்னார். நண்பர் இரண்டடி வைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தார். ‘நீச்சே, அபி’ என்றார் கூடாரக்காரர். கீழே, இப்போதே. ஒரு டெம்போவைப் பேசி அந்த இருட்டிலேயே பாரலாச்சாவைத் திரும்ப ஏறிக் கடந்து, விடியும்போது கேலாங் வந்தோம். அங்கே 3,100 மீட்டர். மருத்துவமனை வாசலில் இறங்கியபோது நண்பர் தாமாகவே டீ கேட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்ததைக் கவனியுங்கள். சர்ச்சுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் இறங்க வேண்டும். அதனால்தான் அங்கே முதல் இரவு தங்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன்.

தலைவலியும் பசியின்மையும் தொடக்க அடையாளங்கள். அவை இருக்கும்வரை மேலே ஏறாதீர்கள். தடுமாற்றம், குழப்பம், படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நுரை கலந்த இருமல் என்றால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று பொருள். மருந்து தேடி நேரம் கடத்தாமல் உடனே இறக்கிவிட வேண்டும். இந்த நோய் வராமலிருக்க டயமாக்ஸ் மாத்திரை பலர் எடுக்கிறார்கள். ஊரிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று நாள் மது கூடாது. லேயில் அரசு எஸ்.என்.எம். மருத்துவமனை இருக்கிறது, இந்த நோயை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். தலைவலி நிற்கவில்லையென்றால் வெட்கப்படாமல் போங்கள்.

பெட்ரோல் கிடைக்குமா?

மணாலி வழியில் தாண்டி என்ற ஊரில் ஒரு பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அதன்முன் நின்று படம் எடுக்காதவர் இல்லை. லே பக்கத்திலிருந்து இறங்கினால் காரு என்ற ஊரிலோ லேயிலோ நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். நடுவே தாபாக்களில் பாட்டிலில் விற்பார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்றால் 420. கணக்கில் போதும். ஆனால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது அந்த 28 கிடைக்காது. நான் ஐந்து லிட்டர் இரும்பு கேன் ஒன்று வைத்துக்கொள்வேன். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மேலே போகப் போகப் புடைத்து மூடி கசியும்.

காரில் போனால் இந்தக் கவலை இல்லை. குளிர்காலத்தில் மட்டும் டீசல் வண்டிக்காரர்கள் யோசிக்க வேண்டும். சாதாரண டீசல் அங்கே கட்டிப்பட்டுவிடும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை 2019 முதல் லடாக்கில் விற்கிறார்கள்.

மேலே போனால் வண்டி இழுக்கவில்லை என்கிறார்களே?

உங்களுக்கு மூச்சு வாங்குவதுபோல எஞ்சினுக்கும் வாங்கும். 24 குதிரைத்திறன் வண்டி தங்லங் லாவில் 14 தந்தாலே பெரிது. புதிய வண்டிகளில் இருக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், அதனால் தடுமாறாது. வலு மட்டும் குறையும். பழைய கார்புரேட்டர் வண்டி கரும்புகை கக்கும். டர்போ டீசல் கார்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. இழுக்கவில்லையே என்று கிளட்சைப் பாதி பிடித்து முறுக்காதீர்கள். கருகல் வாடை வந்துவிட்டால் கிளட்ச் தட்டு போயிற்று. கியரைக் குறைத்துப் பொறுமையாக ஏறுங்கள், பின்னால் வரும் லாரியும் அப்படித்தான் ஏறுகிறது.

என்னென்ன சாமான் எடுத்துப்போக வேண்டும்?

முதல் பயணத்தில் நான் எடுத்துப்போனவற்றில் ஒன்பது கிலோவை நாக்பூரிலிருந்து வீட்டுக்குக் கூரியரில் திருப்பி அனுப்பினேன். ஸ்டவ், மடக்கு நாற்காலி, இரண்டாவது பூட்ஸ், கோடரி. ஆம், கோடரி. மரமே இல்லாத நாட்டுக்கு.

குளிருக்கு ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய உடுப்புகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது மேல். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ரைடிங் ஜாக்கெட். கம்பளிக்கு விலை உயர்ந்த கடை தேவையில்லை. குளிர்காலத்தில் திபெத்தியர்கள் நம் ஊர்களில் ஸ்வெட்டர் கடை போடுவார்களே, அவர்களிடம் வாங்கியதுதான் இன்றும் என்னிடம் இருக்கிறது. கையுறை இரண்டு ஜோடி. நனைந்த கையுறையோடு 4,500 மீட்டரில் பிரேக் பிடித்துப் பாருங்கள், விரல் யாருடையதோ போல இருக்கும். பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையை மேலே மாட்டிக்கொள்வது பார்க்கக் கேவலம், ஆனால் ஒரு சொட்டு உள்ளே போகாது. சாக்ஸுக்கு மேல் பால் கவர் போன்ற பிளாஸ்டிக் உறை, அதே தத்துவம்.

வண்டிக்கு: கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் ஒவ்வொன்று, செயின் லிங்க், பிரேக் பேட், ஃபியூஸ், டியூப் இரண்டு, டயர் கழற்றும் கம்பி, கைப்பம்பு, எம்-சீல், கட்டுக்கம்பி, டேப். புது கிளட்ச் கேபிளைப் பழையதின் பக்கத்திலேயே வைத்து ஓட்டிக் கட்டிவிடுங்கள். அறுந்தால் முனையை மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பை விஷயத்தில் எனக்கு ஒரே பிடிவாதம்: அலுமினியப் பெட்டி வேண்டாம். விழும்போது கணுக்கால் அதற்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். தார்ப்பாய்த் துணியில் தைத்த மென்பை போதும். எடை பின்னாலும் உயரத்திலும் சேராமல் தாழ்வாக, சீட்டுக்கு நெருக்கமாக இருக்கட்டும்.

டென்ட், ஸ்லீப்பிங் பேக்?

தேவையில்லை. மணாலி வழியில் ஜிஸ்பா, சர்ச்சு, பாங், எங்கும் கூடாரமும் ரஜாய் என்ற தடித்த போர்வையும் வாடகைக்குக் கிடைக்கும்.

பஞ்சர் ஆனால்?

நீங்களேதான் போட வேண்டும். அதை வீட்டு வாசலில் இரண்டு முறை செய்து பார்க்காமல் கிளம்பாதீர்கள். யூடியூபில் பார்ப்பது கணக்கில் வராது.

மோரே சமவெளியில் எனக்குப் பின்சக்கரம் போயிற்று. நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் காற்றும் மணலும்தான். நடு ஸ்டாண்டு போட்டு அச்சைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தேன். டயரின் ஓரம் ரிம்மை விட்டு வர மறுத்தது. பூட்ஸால் மிதித்தும் வரவில்லை. கடைசியில் நண்பர் தன் பைக்கின் பக்க ஸ்டாண்டை டயர்மேல் வைத்து வண்டியைச் சாய்க்க, ‘டப்’ என்று விட்டது. ஷாம்பூ பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து ஓரத்தில் தடவி, கம்பியால் நெம்பி டியூபை உருவினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினேன். புது டியூபை மாட்டிக் காற்றடித்து, பெருமையோடு ஏறி உட்கார்ந்து, இருநூறு மீட்டர் போயிருப்பேன். மறுபடி ஆட்டம். டயருக்குள் கையைவிட்டுத் தடவிப் பார்க்க மறந்திருந்தேன். அரை அங்குல ஆணி அங்கேயே இருந்தது. இரண்டு டியூப் எடுத்துப்போகச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

ஹிமாலயன்போல முன்சக்கரம் 21 அங்குலம் உள்ள வண்டி என்றால் அந்த டியூபை ஊரிலேயே வாங்கிவிடுங்கள், வழிக்கடைகளில் அந்த அளவு கிடைப்பது அரிது. டியூப்லெஸ் வைத்திருப்பவர்கள் பஞ்சர் பட்டையோடும் பம்போடும் பிழைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று: உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரில் அளவு கூடிக் காட்டும். ஐந்தாயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 7 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், ஆனால் குளிர் அதில் பாதிக்குமேல் குறைத்துவிடும். லேயில் ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள், இறங்கியதும் மறுபடி.

சாலைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீரை எப்படிக் கடப்பது?

காலையில் கடப்பதே வழி. அது பனி உருகி வரும் தண்ணீர். விடியலில் கணுக்காலளவு ஓடுவது, வெயில் ஏறியபின் மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். ஸிங்ஸிங்பார் தாண்டிப் பாரலாச்சா பக்கம் ஏறும்போது இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் இறங்கி நில்லுங்கள். ஒரு லாரி போகட்டும். அதன் சக்கரம் எங்கே முங்குகிறது, எங்கே மேலெழுகிறது என்று பாருங்கள். பிறகு முதல் கியர், சீரான ஆக்சிலேட்டர், கிளட்சைத் தொடாமல், பார்வை எதிர்க்கரையில். தண்ணீரைப் பார்த்தால் வண்டியும் தண்ணீருக்குள் போகும். நடுவில் நின்றுவிட்டால் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளுங்கள். பூட்ஸ் நனையக் கூடாது என்று காலைத் தூக்கியவர்கள்தான் முழுசாக நனைந்திருக்கிறார்கள்.

பழகிக்கொள்ள நம் ஊரில் எங்கே போகலாம்?

கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறையில் நாற்பது. மணாலிச் சாலையில் பேர்போன கட்டா லூப்ஸில் இருபத்தொன்றுதான். ஆனால் அது முடியும் இடம் 4,600 மீட்டருக்குமேல். முழுச் சுமையையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஒருமுறை ஏறி இறங்கினால் உங்கள் பையில் எது தேவையற்றது என்று வண்டியே சொல்லிவிடும்.

கட்டா லூப்ஸில் ஒரு வளைவில் தண்ணீர் பாட்டில்கள் மலைபோலக் குவிந்திருக்கும். பனியில் வண்டி நின்றுபோய், தாகத்தோடு இறந்த ஒரு லாரி கிளீனரின் ஆவிக்கு வைத்தவை என்கிறார்கள். நம் ஊர் மலைப்பாதையில் வழிக்கருப்புக்குக் காசு வீசிவிட்டுப் போகும் டிரைவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நானும் ஒரு பாட்டில் வைத்தேன்.

அனுமதி, ஆவணம்?

அடல் சுரங்கம் வழியாகப் போனால் ரோத்தாங் அனுமதி வேண்டாம். நுப்ரா, பாங்காங், ட்சோ மோரிரி, ஹன்லே போன்ற எல்லைப் பகுதிகளுக்கான விதிகள் சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. புறப்படும் வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்து, கட்டணம் செலுத்தி, நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஆர்.சி., இன்ஷூரன்ஸ், மாசுச் சான்று, ஓட்டுநர் உரிமம் எல்லாம் அசலாக இருக்கட்டும்.

போன் வேலை செய்யுமா?

தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு எண் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் தார்ச்சாவைத் தாண்டினால் பெரும்பாலான தூரம் சிக்னல் இருக்காது. ‘இரண்டு நாள் பேச முடியாது’ என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போய், மாமியார் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு, திரும்பி வந்ததும் மொட்டை அடிக்க வேண்டியதாயிற்று. சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் செலுத்தவும் முடியாது; ரொக்கம் கையில் இருக்கட்டும்.

சாப்பாடு?

தாபாக்களில் ராஜ்மா சாதம், ஆம்லெட், மேகி. பாங்கில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது; எல்லாக் கூடாரத்திலும் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலும் பருப்புப்பொடியும் எடுத்துப்போங்கள். பத்தாம் நாள் அவற்றின் அருமை புரியும். சிப்ஸ் பாக்கெட் பலூன்போல உப்பிக்கிடக்கும், பயப்படாமல் பிரித்துச் சாப்பிடலாம்.

ஹிந்தி தெரியாதே?

‘பஞ்சர்’ என்ற சொல் கன்னியாகுமரியிலிருந்து கார்கில் வரை செல்லுபடியாகும். டீசல், மெக்கானிக், ஆயில், சாய் ஆகியவையும் அப்படித்தான். லடாக்கில் ‘ஜூலே’ என்று சொல்லுங்கள், வணக்கம், நன்றி இரண்டுக்கும் அதுதான். ராணுவச் சோதனைச் சாவடியில் ஒருமுறை என் நம்பர் பலகையைப் பார்த்த ஜவான் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு, ‘அண்ணே, எந்த ஊர்?’ என்றார். அவர் வேலூர்ப் பக்கம். பேச்சு முடிய அரை மணி ஆயிற்று. பருப்புப்பொடியில் பாதி அவருக்குப் போயிற்று.

செலவு எவ்வளவு?

பெட்ரோலுக்கு 7,500 கிலோமீட்டரை முப்பதால் வகுத்தால் 250 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் இருபத்தைந்தாயிரம். தங்குமிடம் உங்கள் முதுகைப் பொறுத்தது. கிளம்புமுன் டயர், செயின், ஆயில் மாற்றும் செலவைத் தனியாக வையுங்கள்.

இதே வண்டியில் நேபாளம் போகலாமா? அதற்கு அப்பால்?

நேபாளம் எளிது. எல்லையில் ‘பன்சார்’ என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்கில் பணம் கட்டி வாங்கிக்கொண்டு போகலாம். அதற்கு அப்பால் பல நாடுகளுக்கு ‘கார்னே’ வேண்டும். வண்டியை அங்கே விற்காமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்குப் பிணைத்தொகை கட்டி வாங்கும் சுங்கப் புத்தகம் அது. நான் அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

திரும்பி வந்தபின் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள். கைப்பிடி மணல் கொட்டும். ஆயில், செயின், பிரேக் பேட் மாற்றுங்கள். சக்கர பேரிங்கையும் ஸ்டியரிங் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள். ஸ்போக் தளர்ந்திருந்தால் உடனே இறுக்க வேண்டும். பைகளை அன்றே பிரித்துக் காயவையுங்கள். இரண்டாம் பயணம் முடிந்து நான் பிரித்தபோது, தங்லங் லாவில் குடித்து முடித்து மூடிவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று அடியில் கிடந்தது. சென்னைக் காற்று அதை நாலாபக்கமும் நசுக்கியிருந்தது. மகள் மூடியைத் திருகினாள், ‘புஸ்’ என்று உள்ளே காற்றை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது.